திருடனின் தோழன்

திருடன் கதை படிக்கும்போது திருடனைவிட அவனோடு கூடப் போகிறவன்மீதுதான் என் கண் நிற்கும். நூலேணியின் அடியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்பவன், யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்ப்பவன், பங்குப் பணத்தை வாங்கும்போது கை நடுங்குகிறவன், எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து உட்கார்ந்து அத்தனையையும் எழுதிவைக்கிறவன். 1890களிலிருந்து லண்டனிலும் பாரிஸிலும் மாத இதழ்களின் வழியாகப் புறப்பட்டு வந்த கனவான் திருடர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டுத் தொப்பியையும் ஒற்றைக் கண்ணாடியையும் வெள்ளைக் கையுறையையும் சொல்வார்கள். உடுப்பு யாருக்கும் வாய்க்கும். அவர்களை நேசித்த ஒருவன் பக்கத்தில் இருந்தான், அவன் சொன்னான், நாம் கேட்டோம். திருடன் கனவான் ஆனது அந்த நேசத்தால்தான் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு இந்தக் கதைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் என் அம்மாவின் அண்ணன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீதியிலேயே சில சொல்தா வீடுகள் இருந்தன. மாதம் பிறந்தால் பிரான்ஸ் பென்ஷன் வரும், அதைச் சுற்றி அந்த வீடுகளுக்கென்று ஒரு தனி நடை இருந்தது. மாமா இந்தோசீனாவில் இருந்தார், பிறகு அல்ஜீரியாவில் இருந்தார், அங்கே சண்டை ஓய்ந்த பிறகு ஊர் திரும்பினார். அவருடைய தகரப் பெட்டியில் சட்டைகளைவிடப் பாக்கெட் புத்தகங்கள் அதிகம். அட்டை மடங்கிய, முதுகு வெடித்த, மஞ்சள் தட்டிய புத்தகங்கள். அவற்றில் பெரும்பாலானவை மொரீஸ் லெப்லான் எழுதிய ஆர்சேன் லுபேன் கதைகள்.

மாமா அவற்றை எனக்கு வாசித்துக் காட்டியதில்லை. சொன்னார். சாயங்காலம் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டு, சிகரெட்டைப் பற்றவைத்து, புத்தகத்தை மடிமேல் மூடி வைத்துக்கொண்டு சொல்வார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவர் சொன்ன முதல் கதை கப்பல் கதை.

"கப்பல் பேரு ப்ரோவான்ஸ். அமெரிக்காவுக்குப் போறோம். நானும் இருக்கேன், முதல் வகுப்புல" என்று ஆரம்பித்தார். மாமா கப்பலில் போனவர், வந்தவர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டாம் நாள் இடியும் மழையுமாக இருக்கிறது. அந்த நேரத்தில் கரையிலிருந்து கம்பியில்லாத் தந்தி ஒன்று வருகிறது. ஆர்சேன் லுபேன் என்ற பெரிய திருடன் உங்கள் கப்பலில் இருக்கிறான், முதல் வகுப்பு, பொன்னிறத் தலைமுடி, வலது முன்கையில் காயம், தனியாகப் பயணம் செய்கிறான், பெயரின் முதல் எழுத்து ஆர். அத்தோடு மின்னல் அடித்துத் தந்தி அறுந்துபோகிறது. இனி ஐந்து நாள் நடுக்கடல். யார் அவன் என்று கப்பல் முழுக்கப் பீதி. ஒரு சீமாட்டியின் நகைகள் காணாமல் போகின்றன. ஆர் என்ற எழுத்தில் பெயர் தொடங்கும் ஒருவர்மேல் எல்லார் பார்வையும் விழுகிறது. கப்பலில் மிஸ் நெல்லி என்று ஒரு பெண். "அந்தப் பொண்ணு எங்கூட நல்லாப் பேசும். என் கோடாக் கேமராவைக்கூட அதுகிட்டதான் பிடிச்சுக்கக் கொடுத்திருந்தேன்" என்றார் மாமா.

கப்பல் நியூயார்க் போய்ச் சேருகிறது. இறங்கும் பலகையின் கீழே ஒரு கிழவர் குடையோடு நிற்கிறார். பிரெஞ்சுப் போலீஸ் துப்பறியும் அதிகாரி கானிமார். சந்தேகப்பட்ட ஆள் இறங்குகிறார். கானிமார் அவரை விட்டுவிடுகிறார். அடுத்து மாமா இறங்குகிறார். கானிமார் வழிமறிக்கிறார். "இல்லைங்க, நான் வேற ஆளுன்னேன். அந்தாளு ஒண்ணும் பேசல. என் வலது கையில இங்க ஓங்கி ஒரு அடி." சொல்லிக்கொண்டே மாமா சட்டைக் கையை மேலே தள்ளினார். வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே, வெளுத்துப்போன நீளத் தழும்பு ஒன்று இருந்தது. அது இந்தோசீனாவில் பட்ட காயம் என்று பிறகு அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. என் மாமாதான் ஆர்சேன் லுபேன் என்று உடம்பெல்லாம் சிலிர்க்க நம்பினேன். அந்த நம்பிக்கை இரண்டொரு வாரம் குலையாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றினேன்.

கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். திருட்டு நகைகளும் பணமும் அந்தக் கோடாக் கேமராவுக்குள் இருக்கின்றன. நெல்லிக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிகிறது. கேமராவைப் போலீஸ் கையில் கொடுப்பாளா? அவள் கூட்டத்தோடு பலகையில் இறங்குகிறாள், நடுவழியில் கை தவறியதுபோலக் கேமராவைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரில் விட்டுவிடுகிறாள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். மாமா இந்த இடத்தில் சிகரெட்டை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதை 1905 ஜூலையில் 'ழ சே தூ' என்ற பாரிஸ் மாத இதழில் வெளிவந்தது. இதழை நடத்திய பியேர் லாஃபித், ஆங்கிலத்தில் ஷெர்லக் ஹோம்ஸுக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு லெப்லானிடம் அந்த மாதிரி ஒன்று கேட்டு வாங்கியது. லெப்லான் ரூவான் நகரத்தில் 1864இல் பிறந்தவர். ஃப்ளோபேர், மோப்பசான் வழியில் தீவிர நாவலாசிரியராகப் பெயர் வாங்க வேண்டும் என்று பல வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தவர். கேட்டதற்கு ஒன்று எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதல் கதையிலேயே திருடனைக் கைது செய்ய வைத்தார். லாஃபித் விடவில்லை. கைதானவன் தப்பிக்கட்டுமே என்றார். அப்படி ஆரம்பித்த ஆள் லெப்லானைக் கடைசிவரை விடவில்லை. அவர் 1941இல் இறக்கும்போது லுபேன் கதைகள் தொகுதி தொகுதியாகப் பெருகியிருந்தன.

கதை சொல்பவனே குற்றவாளி என்ற உத்திக்கு அகதா கிறிஸ்டியின் 1926ஆம் வருஷத்து நாவலைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். லெப்லான் அதை இருபத்தொரு வருஷம் முன்னாடியே, முதல் முயற்சியிலேயே செய்துவிட்டார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்து வரும் இடம். பதினாறு பதினேழு வயதில் பிரெஞ்சில் நானே அந்தக் கதையைப் படித்தேன். நான் நான் என்று இவ்வளவு நேரம் பேசியது லுபேன் என்று தெரிந்த பிறகு, கடைசிப் பத்தியில் இன்னொரு நான் வருகிறது. ஒரு குளிர்கால இரவில் லுபேன் தன் கைதின் கதையைத் தன்னிடம் இப்படிச் சொன்னான் என்கிறது அந்தக் குரல். பெயர் கிடையாது. லுபேனின் நண்பன், அவ்வளவுதான். திருடன் எந்த வேஷத்தில் வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் வருவான், எதிரே உட்காருவான், பேசுவான். மாமா எனக்குச் சொல்லும்போது இந்தப் பத்தியை விட்டுவிட்டார். விட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்தானே.

லுபேன் கதைகளில் மாமாவுக்கு மிகப் பிடித்தது ராணியின் அட்டிகை பற்றிய கதை. ஒரு பிரபுவின் வீட்டில் பரம்பரை அட்டிகை ஒன்று பூட்டிய அறையிலிருந்து மாயமாகிறது. அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்த ஏழைத் தோழி ஒருத்தி, சின்ன மகனோடு, சந்தேகிக்கப்பட்டு வெளியேற்றப்படுகிறாள். அவளிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு கிராமத்தில் நோயோடு வாழும் அவளுக்கு வருஷா வருஷம் எங்கிருந்தோ பணம் வருகிறது. சீமாட்டிதான் அனுப்புகிறாள் என்று நினைத்து அவள் நன்றிக் கடிதம் எழுதுகிறாள். பல வருஷம் கழித்து அதே வீட்டு விருந்தில் ஒரு இளைஞன் அந்தத் திருட்டு எப்படி நடந்திருக்கும் என்று நிதானமாக விளக்குகிறான். அந்தச் சிறிய ஜன்னல் திறப்பு வழியாகப் பெரியவர்கள் நுழைய முடியாது, ஆறு வயதுப் பையன் நுழையலாம். அம்மா அந்த வீட்டில் பட்ட அவமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தடிக்கும். ஏழைத் தாய்க்குப் பணம் அனுப்பும் மகன் என்றால் அந்த வீதியில் யாருக்குத்தான் தெரியாது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்த முத்தியால்பேட்டைப் பையன்கள் பாதிப் பேர் அதற்காகத்தான் சேர்ந்தார்கள்.

ஆங்கிலப் பக்கத்துத் திருடன் ராஃபிள்ஸ் எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் கிடைத்தான். மாமாவுக்கு ஆங்கிலம் வராது. இந்த முறை நான் சொல்ல, அவர் கேட்டார். ஈ.டபிள்யூ.ஹார்னங் எழுதிய ராஃபிள்ஸ் கதைகள் 1898இல் இதழில் வர ஆரம்பித்து 1899இல் நூலாயின. லுபேனுக்கு ஆறேழு வருஷம் மூத்தவன். ஹார்னங் கல்யாணம் செய்துகொண்டது ஆர்தர் கோனன் டாயிலின் தங்கையை. மைத்துனருக்கே அந்த நூலைச் சமர்ப்பணம் செய்தார். ஹோம்ஸையும் வாட்ஸனையும் கண்ணாடியில் இடம் வலம் மாற்றிப் பார்த்ததுபோல இங்கே ராஃபிள்ஸும் பன்னியும். டாயிலுக்கு அது முழுக்க ஒப்பவில்லை. 1924இல் எழுதிய தன் வரலாற்றில் மைத்துனரின் திறமையைப் பாராட்டிவிட்டு, குற்றவாளியைக் கதாநாயகன் ஆக்கக் கூடாது என்று தான் எச்சரித்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

ராஃபிள்ஸ் பெரிய கிரிக்கெட் ஆட்டக்காரன், லண்டனில் ஆல்பனி என்ற செல்வாக்கான குடியிருப்பில் அறை, பெரிய வீடுகளில் விருந்தாளி. பன்னி அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் எடுபிடி வேலை செய்த சின்னப் பையன். ராத்திரி விடுதியிலிருந்து ராஃபிள்ஸ் நழுவும்போது கயிற்றை இறக்கி, திரும்பும்போது தூக்கிவிட்டவன். வருஷங்கள் போகின்றன. முதல் கதையில் பன்னி சீட்டாட்டத்தில் தோற்று, வங்கியில் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் ராஃபிள்ஸின் அறைக்குத் திரும்பி வருகிறான். உதவி கேட்கிறான், கிடைக்காது போலிருக்கிறது, துப்பாக்கியை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைக்கிறான். ராஃபிள்ஸ் பாய்ந்து தடுக்கவில்லை. ஆச்சரியத்தோடு, கிட்டத்தட்ட ரசிப்போடு, பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவனுக்கு இவ்வளவு தைரியம் இருக்கிறதா என்று எடைபோடும் பார்வை. அந்தப் பார்வையைக் கண்டதும் பன்னியால் சுட முடியவில்லை. பிறகு, ஒரு நண்பரிடம் பணம் வாங்கலாம் வா என்று ராஃபிள்ஸ் அவனை பாண்ட் தெருவுக்கு அழைத்துப் போகிறான். போகும் இடம் ஒரு நகைக்கடை என்பதும், வந்திருப்பது கன்னம் வைக்க என்பதும் பன்னிக்குப் பாதி வழி உள்ளே போன பிறகுதான் தெரிகிறது.

இதை நான் சொல்லி முடித்ததும் மாமா கேட்டார்: "ஏன்டா தம்பி, அவன் இவனைக் காப்பாத்தினானா, கெடுத்தானா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹார்னங் அந்தக் கேள்வியை இரண்டு தொகுதிகளுக்குமேல் மூடாமலே வைத்திருந்தார் என்பதுதான் அவருடைய சாமர்த்தியம். பன்னிக்கு ராஃபிள்ஸ்மேல் கோபம் வருகிறது, பொறாமை வருகிறது. பல இடங்களில் ராஃபிள்ஸ் அவனிடம் திட்டத்தைச் சொல்வதில்லை, ஏமாற்றுகிறான், தூண்டிலில் புழுவாகக்கூட வைக்கிறான். அத்தனைக்குப் பிறகும் பன்னி போகிறான். ஜெர்மன் கப்பல் ஒன்றில், கைசர் அனுப்பிய முத்து ஒன்றைத் திருடப் போய் இருவரும் பிடிபடுகிறார்கள். ராஃபிள்ஸ் கடலில் குதித்துவிடுகிறான். பன்னி பதினெட்டு மாதம் சிறைக்குப் போகிறான். வெளியே வந்து, வறுமையில், சிறை அனுபவத்தை எழுதிப் பிழைத்துக்கொண்டிருக்கும்போது, நோயாளிக் கிழவர் ஒருவருக்குத் துணையாள் வேலைக்குப் போகிறான். அந்த நோயாளிதான் ராஃபிள்ஸ். தலை முழுக்க நரைத்துவிட்டது. பன்னி அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. மறுபடியும் பழைய வேலை ஆரம்பமாகிறது.

ராஃபிள்ஸ் யாரையும் கொல்ல மாட்டான், அதனால்தான் அவன் கனவான் என்று சொல்வதுண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் ராஃபிள்ஸுக்கு இருந்த எழுதாத விதிகளைப் புதிய முரட்டுக் குற்றக் கதைகளோடு ஒப்பிட்டு வருந்துகிறார். கட்டுரை அருமையானது. ஆனால் ஒரு கதையில் ராஃபிள்ஸ் தன்னை அடையாளம் கண்டுகொண்ட திருட்டுப் பொருள் வியாபாரி ஒருவனைக் கொல்லவே புறப்படுகிறான். போய்ப் பார்த்தால் வேறொருவன் அதற்கு முன்பே கொன்றுவிட்டான். ராஃபிள்ஸின் கையில் ரத்தம் படாமல் போனது தற்செயல். அந்த இரவு முழுக்க அவனோடு கூட நடந்த பன்னி படும் நடுக்கத்தைப் படித்தால் தெரியும், விதியை மனதில் சுமந்துகொண்டிருந்தவன் யார் என்று. ராஃபிள்ஸின் மனசாட்சி அவனுக்கு வெளியே, இரண்டடி பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

ராஃபிள்ஸ் சும்மா இருப்பவனும் இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு பொற்கிண்ணத்தைத் திருடுகிறான். அதன் அழகைப் பார்த்து உருக்கி விற்க மனசு வரவில்லை. 1897, விக்டோரியா ராணிக்கு வைரவிழா. கிண்ணத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து ராணிக்கே தபாலில் அனுப்பிவிடுகிறான். மாமா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் ஹார்னங் அவனைத் தென்னாப்பிரிக்காவில், போயர் யுத்தத்தில் சாகவிட்டார். பன்னி பக்கத்திலேயே காயம்பட்டுக் கிடக்கிறான். அது கதை. 1915 ஜூலையில் ஹார்னங்கின் ஒரே மகன் ஆஸ்கர் ஈப்ர பக்கம் போரில் செத்தான். அதன்பின் ஹார்னங் தாமே பிரான்சுக்குப் போய்ச் சிப்பாய்களுக்குத் தேநீரும் புத்தகமும் கொடுக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். புத்தகம் கேட்டு வந்த பையன்களில் எத்தனை பேர் அவர் யார் என்று தெரியாமலே ராஃபிள்ஸைக் கேட்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. மாமா முகாம்களில் புத்தகம் படித்த சிப்பாய். அவருக்கு ஹார்னங்கின் அந்தக் கடைசி வருஷங்கள் கதைகளைவிடப் பெரிதாகத் தெரிந்தன. "மகன் போன இடத்துக்கே போயிருக்கான் பாரு மனுஷன்" என்றார்.

எங்கள் பாட்டிக்கு மாமாவின் திருடர்கள் பிடிக்காது. அவள் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ரசிகை. அவருடைய துப்பறியும் திகம்பர சாமியார் என்றால் உயிர். 1950இல் வந்த படத்தில் நம்பியார் விதவிதமான வேஷத்தில் வருவதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். மாறுவேடத் திறமையெல்லாம் நம் பக்கத்தில் துப்பறிபவருக்குப் போய்ச் சேர்ந்தது. பிரான்சில் அது திருடனுக்குப் போனது. ஏன் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

லுபேனுக்கும் ராஃபிள்ஸுக்கும் இடையிலும் முன்னும் வேறு பலர் உண்டு. கிராண்ட் ஆலனின் கர்னல் க்ளே 1896இலேயே ஒரே கோடீஸ்வரனைத் திரும்பத் திரும்ப ஏமாற்றியவன். அதைச் சொல்வது ஏமாந்தவனின் மைத்துனன். கய் பூத்பியின் சைமன் கார்ன் திருடனாகவும் துப்பறிபவனாகவும் ஒரே சமயத்தில் இருந்தவன். அவர்களெல்லாம் கெட்டிக்காரர்கள். யாரும் அவர்களை நேசித்ததாக எனக்கு நினைவில்லை, மறந்தும் போனார்கள்.

ஃபாந்தோமாஸ் வேறு ரகம். மார்செல் அல்லேன், பியேர் சூவெஸ்த்ர் என்ற இருவர் 1911 பிப்ரவரியிலிருந்து மாதம் ஒரு தடித்த நாவல் வீதம் 32 நாவல்கள் எழுதித் தள்ளினார்கள். எழுதினார்கள் என்பதைவிட மெழுகு உருளைகளில் பேசிப் பதிவுசெய்து தட்டச்சுக்குக் கொடுத்தார்கள். ஒரு புத்தகம் 65 சாந்தீம். முதல் அட்டையில், மாலை விருந்து உடையும் முகமூடியும் போட்ட ஒருவன் பாரிஸ் நகரத்துக்கு மேலே ராட்சசனாக எழுந்து நிற்கிறான், கையில் கத்தி. முதல் நாவலில் அவனுக்கு விதித்த கில்லட்டின் தண்டனைக்கு, அவனைப்போல ஒப்பனை செய்திருந்த ஒரு நடிகன் அனுப்பப்பட்டு, ஒன்றும் புரியாமல் தலை வெட்டப்படுகிறான். இன்னொன்றில் செத்தவன் கையின் தோலை உரித்துக் கையுறையாகப் போட்டுக்கொண்டு, செத்தவனின் கைரேகையைக் கொலை நடந்த இடங்களில் பதித்துவிட்டுப் போகிறான். லூயி ஃபெயாத் 1913, 14இல் எடுத்த ஐந்து மௌனப் படங்களில் இரண்டைப் பிற்பாடு ஒரு திரையிடலில் பார்த்தேன். வெறிச்சோடிய பாரிஸ் தெருக்களில் கறுப்பு உடையில் ஒருவன் நடப்பதே வயிற்றைக் கலக்கியது.

மாமாவின் பெட்டியில் ஃபாந்தோமாஸ் ஒன்றுகூட இல்லை. வேறு இடத்தில் இரவல் வாங்கிப் படித்துவிட்டு அவரிடம் கேட்டேன். படித்திருக்கிறார், பிடிக்கவில்லை.

"அவனுக்குக் கூட்டாளி கிடையாதுடா. அடியாள்தான் உண்டு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடர்ந்தார். "அல்ஜியர்ஸ்ல முகம் தெரியாம வர்றவனுக்கு ஜனங்க பயந்தாங்க. காப்பிக் கடையில குண்டு வெச்சவனுக்குப் பயந்தாங்க. ராத்திரி கதவைத் தட்டுன எங்களுக்கும் பயந்தாங்க. அதை எதுக்குக் கதையா வேற படிக்கணும்?" அல்ஜீரியாவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை.

அந்தக் கூட்டாளிக் கணக்கை வைத்துப் பார்த்தால் மொரியார்ட்டியும் புரிகிறான். 1893 டிசம்பரில், ஹோம்ஸைத் தீர்த்துக்கட்ட டாயில் அவசரமாகக் கொண்டுவந்த மகா குற்றவாளி அவன். வாட்ஸன் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரயில் நிலையக் கூட்டத்தில் தள்ளிக்கொண்டு வரும் ஒரு உயரமான உருவம், மலைப்பாதையில் வேகமாக ஏறும் ஒரு கறுப்பு உருவம், அவ்வளவே வாட்ஸன் கண்ணில் பட்டது. மொரியார்ட்டியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவன் எதிரி சொன்னது. லுபேனுக்கு மட்டும் அந்தப் பெயரில்லா நண்பன் இல்லாமல் போயிருந்தால், ஒரு பாரிஸ் போலீஸ் கோப்பில் அவனும் அப்படி ஒரு உருவமாகத்தான் இருந்திருப்பான்.

மாமா போன பிறகு ஒருமுறை நார்மண்டிக் கடற்கரையில் எத்ரத்தா ஊருக்குப் போனேன். சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, கடலுக்குள் வளைந்து இறங்கும் பாறை வாசல், அதன் பக்கத்தில் கூரிய ஊசிப் பாறை. அந்தப் பாறை உள்ளே குடைவு, பிரெஞ்சு மன்னர்களின் புதையல் அதற்குள், அதை லுபேன் தன் கோட்டையாக வைத்திருந்தான் என்று லெப்லான் 1909இல் எழுதினார். அந்த நாவலின் முடிவு கொடுமையானது. லுபேன் திருட்டை விட்டுவிட்டு மனைவியோடு வாழத் தயாராகும் கணத்தில், ஹெர்லக் ஷோல்ம்ஸ் சுட்ட குண்டு குறுக்கே விழுந்த அவளைக் கொன்றுவிடுகிறது. டாயில் பக்கத்து ஆட்சேபத்தால் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி லெப்லான் உலவவிட்ட ஹோம்ஸ்தான் அவன். லுபேன் அவள் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடப்பதைப் பார்த்து நிற்பது, அவனைப் பிடிக்கக் கிளம்பி வந்த போத்ரலே என்ற பள்ளி மாணவன். பிடிக்க வந்தவனும் கடைசியில் சாட்சியாக, கிட்டத்தட்ட நண்பனாக, நின்றுவிடுகிறான். லெப்லானின் வீடு 1999 முதல் காட்சியகம். காதில் ஒலிக்கருவி மாட்டிவிட்டார்கள். லுபேனே பேசுவதுபோல ஒரு குரல் அறை அறையாகக் கூட்டிப்போனது. நல்ல குரல்தான். எனக்கு முத்தியால்பேட்டைத் தமிழில் கேட்டுப் பழகிவிட்டது.

மாமாவுக்குச் சொல்ல முடியாமல் போன கதை ஒன்று உண்டு. அவர் காலத்துக்குப் பின்புதான் நான் அதைப் படித்தேன். ஆடம் வொர்த்தின் கதை; நடந்த கதை. சொல்லியிருந்தால் அவர் பாணியில் ஒரு நானை வைத்துத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அந்த நான் வொர்த்தாக இருக்காது.

வொர்த் 1844இல் ஜெர்மனியில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குப் போனவன். உள்நாட்டுப் போரில் காயம்பட்டான். இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் தவறிச் சேர்ந்துவிட்டது. செத்தவனாக ஒரு புது வாழ்க்கையை ஆரம்பித்தான். பிறகு லண்டனில் ஹென்றி ரேமண்ட் என்ற பெயரில் பெரிய மனிதனாக வாழ்ந்தபடி பல நாடுகளில் கொள்ளைகளைத் திட்டமிட்டான். ஆட்களைத் துப்பாக்கி தூக்க விடமாட்டான் என்று பெயர். ஸ்காட்லாண்டு யார்டின் ராபர்ட் ஆண்டர்சன் அவனைக் குற்ற உலகின் நெப்போலியன் என்றார். மொரியார்ட்டிக்கு டாயில் கொடுத்த பட்டமும் அதே நெப்போலியன்தான், அதனால் மூலம் இவனே என்று பலர் சொல்கிறார்கள். 1876 மே மாதம் ஓர் இரவு, லண்டன் அக்னியூ ஓவியக்கூடத்தில், கூட்டாளியின் தோளில் ஏறி ஜன்னல் வழியாக நுழைந்து, கெய்ன்ஸ்பரோ வரைந்த டெவன்ஷயர் சீமாட்டியின் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து அறுத்து எடுத்தான். அது அப்போதுதான் 10,000 கினி என்ற, கேள்விப்படாத விலைக்கு ஏலம் போயிருந்தது. சிறையில் இருந்த தம்பியை ஓவியத்தைக் காட்டி மீட்கலாம் என்பது கணக்கு. தம்பி அதற்குள் வேறு வழியில் வெளியே வந்துவிட்டான். ஓவியம் மிச்சம்.

அதை அவன் விற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இரட்டை அடி வைத்த பெட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட இருபத்தைந்து வருஷம் காப்பாற்றினான். அத்தனை பெரிய திருட்டைச் செய்தவன், அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தான். கூட்டாளிகள் காட்டிக்கொடுக்கக்கூடியவர்கள். அவனிடம் பன்னி இல்லை. 1892இல் பெல்ஜியத்தில் பணவண்டி ஒன்றைக் கொள்ளையடிக்கப் போய்ப் பிடிபட்டு, சிறைக்குப் போய், 1897இல் வெளியே வந்தான். மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, பிள்ளைகள் அமெரிக்காவில், காசு இல்லை.

1899இல் அவன் சிக்காகோவுக்குப் போய் ஒரு கதவைத் தட்டினான். அது வில்லியம் பிங்கர்டனுடையது. பல பத்தாண்டுகள் அவனைத் துரத்திய துப்பறியும் நிறுவனத்தின் தலைவர். எதிரே உட்கார்ந்து தன் வாழ்க்கையை ஆதியோடு அந்தமாகச் சொன்னான். பிங்கர்டன் கைது செய்யவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஓவியம் 1901 மார்ச்சில் அவர் ஏற்பாட்டில் சிக்காகோவில் உரியவர்களிடம் திரும்பியது. வொர்த் அடுத்த ஜனவரியில் லண்டனில் இறந்து, ரேமண்ட் என்ற பொய்ப் பெயரிலேயே ஹைகேட் கல்லறையில் அடக்கம் ஆனான். அவன் யார் என்பதை உலகத்துக்கு எழுதிச் சொன்னது பிங்கர்டன் நிறுவனம்தான். வொர்த்தோடு பேசி வைத்திருந்தபடி அவன் மகனுக்கு பிங்கர்டன் வேலையும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பையன் கடைசிவரை துப்பறிபவனாகவே இருந்தான்.